காயாத சீருடை

நுவரெலியாவில் வாடகைக்கு வீடு தேடுகிறோம். "வாஷிங் மெஷின் உங்கள் பொறுப்பு" என்று நேற்றும் ஒரு வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். மூன்று நாளாகியும் மகளின் வெள்ளைச் சீருடையில் கொலர் மடிப்பு காயவில்லை. காலையில் அயன் பெட்டியை வைத்ததும் குப்பென்று ஆவி எழுந்தது. அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். எனக்கு மனம் ஆறவில்லை.

பீலிக்கரையில், மலைநீர் குழாயாய்க் கொட்டும் இடத்தில், துவைத்துத் துவைத்தே அம்மாவின் விரல்கள் வெடித்தன. வாஷிங் மெஷினை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நன்றாகப் பிழிந்து தரும் மெஷின் ஒன்றை வீட்டுக்காரரே வைக்கட்டும்; வாடகையில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பாரத்தை இந்த மலைப்படிகளில் யார் சுமப்பது? பழுதானால் யார் செலவு என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.