லின்வில் பள்ளத்தாக்கில் ஒரு பகல்

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரத்துக்கு வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் ஒரு படிவம், ஒரு அடையாள எண், ஒரு வரிசை. வீடு பிடிக்க, கார் ஓட்ட, மின் இணைப்பு வாங்க என்று நான் யார் என்பதை நிரூபித்துக்கொண்டே இருந்தேன். அந்த அலுப்போடுதான் ஒரு மே மாதக் காலையில் தனியாக, அதே மாநிலத்தின் மலைக்காட்டிலுள்ள லின்வில் பள்ளத்தாக்குக்குக் கிளம்பினேன். கடைசிப் பகுதி கரடுமுரடான மண்சாலை. பகலிலேயே நடந்து திரும்புகிறவர்களுக்கு அங்கே அனுமதிச் சீட்டு வேண்டாம். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கான்லி கோவ் பாதையில் இறங்கினேன். 1964-இல் வந்த வனவெளிச் சட்டம் முதல் நாளிலேயே பாதுகாத்த இடங்களில் இதுவும் ஒன்று. மனிதக் கை அதிகம் படக்கூடாது என்பதால் மரங்களில் வழிகாட்டும் வண்ணக் குறிகள் இல்லை. பாதை பிரியும் இடங்களில் நின்று, காகித வரைபடத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் மேலே வருவேன் என்று மனைவியிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். தனியாகப் போகிறவர்கள் இதை மட்டும் விடவே கூடாது.

குறுக்கே விழுந்த பெரிய மரமொன்றைப் பாதையின் அகலத்துக்கு மட்டும் அறுத்து விலக்கியிருந்தார்கள். இங்கே மோட்டார் ரம்பத்துக்கு இடமில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும் ரம்பம்தான். அறுத்த முகத்தைத் தடவிப் பார்த்தேன். ரம்பம் போய் வந்த வரிகள் விரலில் பட்டன. முன்பின் தெரியாத எனக்காகவும் யாரோ தோள் வலிக்க இழுத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் மேல் எனக்கு ஒட்டுதல் வந்தது அங்கேதான்.

ஹெம்லாக் மரங்கள் பல நின்றபடியே பட்டுப்போயிருந்தன. உயிரோடிருந்த ஒன்றின் கிளையைத் திருப்பினால், ஊசியிலைகளின் அடியில் பஞ்சுத் துணுக்குகளாக வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருந்தது, ஆசியாவிலிருந்து வந்து சாறு உறிஞ்சும் பூச்சி. பார்க்கவே வேதனையாக இருந்தது.

ஆறு கண்ணில் படும் முன்பே இரைச்சல் வந்துவிட்டது. சுமார் 12 மைல் தூரத்தில் 2,000 அடி இறங்குகிற ஆறு. வீடளவு பாறைகளுக்கிடையே முட்டி மோதிப் பாய்கிறது. கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மலையில் மழை பெய்தால் நீர் சட்டென்று ஏறும் என்பதால் மறுகரை ஆசையை விட்டுவிட்டேன். ஏறி வருவதற்கு, இறங்கியதைவிட நிறைய நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடிப்பதற்கு முந்தைய பாதை. அந்த வெள்ளம் அங்கே பெரும் சேதம் செய்தது. போகிறவர்கள் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.