அந்த நீலம் எங்கிருந்து வந்தது?

2025 ஆகஸ்ட் 11, திங்கள்

வரிசையில் கிடந்த கணக்கு ஒருவழியாக மீத்திறன் கணினியில் ஓடத் தொடங்கியது. 2017இல் கண்ட ஒரு மோதல் முதலில் ஏன் நீலமாக ஒளிர்ந்தது என்பதே கேள்வி. மோதப்போவது இரண்டு நியூட்ரான் விண்மீன்கள், அதாவது பெரும்பாலும் நியூட்ரான்களாலான, இறந்த விண்மீன்களின் இறுகிய மையங்கள். ஒவ்வொன்றும் சூரியனைப்போல் 1.37 மடங்கு நிறை, ஆரமோ 12 கிலோமீட்டர்தான். கணக்கிட வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறோம், கட்டம் ஒன்றின் அகலம் 200 மீட்டர். ஒளி அதைக் கடப்பதற்குள் கணக்கு காலத்தில் அடுத்த அடியை எடுத்து வைத்தாக வேண்டும், அதாவது மைக்ரோ விநாடிக்கும் குறைவான கால அடி. சில மில்லி விநாடி மோதலுக்கு நாட்கணக்கில் காத்திருப்பது இதனால்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மோதிவிட்டன. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சுழலும் ஆரஞ்சுப் படத்தைக் கேட்கிறார்கள். அது அடர்த்திக்கு நாங்கள் பூசிய சாயம். விண்மீனின் ஒளி அல்ல. எனக்கு வேண்டியது எலக்ட்ரான் பின்னம், அதாவது புரோட்டான், நியூட்ரான் மொத்தத்தில் புரோட்டான்களின் பங்கு. மோதலில் வெளியே சிதறிய பொருளில், நடுத்தளத்தில் 0.1, துருவப் பக்கம் 0.3. மையத்திலிருந்து கொட்டும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் அங்கே நியூட்ரான்களைப் புரோட்டான்களாக மாற்றிவிடுகின்றன. ஏறத்தாழ 0.25க்குக் கீழே இருந்தால் லாந்தனைடு என்னும் கனமான அருமண் தனிமங்கள் விளையும். அவற்றின் எண்ணிலடங்கா நிறமாலைக் கோடுகள் ஒளியை வெளியே விடாமல் மடக்கி, நாள்கள் கழித்து அகச்சிவப்பாகக் கசியவிடும். வானியற்பியலாளர்கள் கேசனும் பார்ன்ஸும் 2013இலேயே இதைக் கணக்கிட்டுவிட்டார்கள். லாந்தனைடு இல்லாத சிதறலோ முதல் நாளே நீலமாக ஒளிரும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் இப்படியொரு மோதலின் ஈர்ப்பு அலை வந்தது, 1.7 விநாடியில் காமா கதிர் வெடிப்பு. ஏறக்குறைய 11 மணி நேரத்தில் சிலியிலுள்ள ஸ்வோப் தொலைநோக்கி, 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் அந்த மோதலின் ஒளிப்புள்ளியைப் பிடித்தது. முதலில் நீலம், சில நாள்களில் சிவப்பு. சிவப்பு எங்களைத் தொல்லைப்படுத்தவில்லை. நீலம்தான் வம்பு செய்கிறது. அந்த ஒளிக்குச் சூரிய நிறையில் நூற்றில் இரண்டு பங்கு பொருளாவது ஒளிவேகத்தில் கால்வாசி வேகத்தில் பாய்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். என் கணக்கில் மோதலின்போதே சிதறியது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு மையத்தைச் சுற்றி மிஞ்சும் பொருள்வட்டிலிருந்து வீசும் காற்றில் நிறை உண்டு, வேகம் போதாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மையத்தில் மிஞ்சிய பொருளின் காந்தப்புலம் உந்திய காற்று என்பதே என் கட்சி. ஆனால் அந்தப் புலத்தை வளர்க்கும் சுழிகள் 200 மீட்டர் கட்டத்தில் தென்படுவதில்லை. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால், மூன்று திசையிலும் காலத்திலும் இருமடங்கு வேலை, ஆக கணினி நேரம் பதினாறு மடங்கு. விண்ணப்பத்தில் அந்த எண்ணை எழுதும்போதே கை கூசியது. குறைத்துக் கேட்டுப் பயனில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன்.