கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகாமல் பட்ட பாடு

சொட்டுநீர் போட்டு மூன்றாம் வருஷம் கடைசி வரிசைச் செடிகள் வாட ஆரம்பித்தன. குழாய் போட்டவரைக் கூப்பிட்டால், வந்து பார்க்காமலேயே "ஒரு மணி நேரம் கூட ஓட்டுங்க, சரியாப் போயிடும்" என்று போனிலேயே முடித்துவிட்டார். நம்பி ஓட்டினேன். முன்வரிசைகள் சேறாகி, போட்ட உரமெல்லாம் வேருக்குக் கீழே இறங்கிப்போனது. கடைசி வரிசை அப்படியேதான் கிடந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, செடிக்குத் தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர்தான் அடைத்திருக்கும் என்று நானாக முடிவு செய்து, இரண்டு நாள் உட்கார்ந்து கழற்றிக் கழுவினேன். பெரிய மாற்றம் இல்லை. அதற்கு அப்புறம்தான் அளந்து பார்க்கத் தோன்றியது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. செடி வரிசையோடு ஓடும் லேட்டரல் குழாய்களில் நான்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடுவில் இரண்டு இடம், கடைசி என்று மொத்தம் 16 டிரிப்பருக்கு அடியில் டம்ளர் வைத்து 3 நிமிஷம் பிடித்தேன். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் 200 மில்லி விழ வேண்டும். ஒன்றுகூட 150ஐத் தாண்டவில்லை, ஒரே ஒரு டம்ளரைத் தவிர. அதில் 280! போன வருஷம் உடைந்ததற்குப் பதிலாக வாங்கிப் போட்டது அது. 4 லிட்டர் கேட்டதற்கு 8 லிட்டரைக் கொடுத்திருக்கிறார்கள். டிரிப்பரின் மேலே உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மிகக் குறைவாக விழுந்த நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் எல்லாச் செடிக்கும் எவ்வளவு சமமாகத் தண்ணீர் போகிறது என்ற சீர்மை சதவீதத்தில் தெரிந்துவிடும். 90க்கு மேல் இருந்தால் நன்று. எனக்கு வந்தது 63.

அளவு கடைசியை நோக்கிப் படிப்படியாகக் குறைந்தால் அழுத்தக் கோளாறு, அங்கொன்று இங்கொன்றாகக் குறைந்தால் அடைப்பு. என் வயலில் குறைந்தது படிப்படியாக. ஆனால் தண்ணீர் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் 1 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டியதே என்று குழம்பினேன். மோட்டாரை நிறுத்திய பிறகும் முள் அதே 1இல் நின்றபோதுதான் கேஜே பழுது என்று புரிந்தது. புதுக் கேஜ் மாட்டினால் ஃபில்டருக்கு முன்னால் 1.3, பின்னால் 0.5! அடைப்பு ஃபில்டரில்தான். உள்ளே அடுக்கியிருக்கும் வடிகட்டும் தட்டுகளான டிஸ்க்குகளைப் பிரிக்காமல் மேலோடு மட்டும் வாரா வாரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயலின் கடைசிப் பகுதி 2 மீட்டர் உயரமான மேடு. அதுவே 0.2 பார் அழுத்தத்தைத் தின்றுவிடும். 1 பார் இருந்தால் அங்கே தண்ணீர் பத்து சதவீதம்தான் குறையும், அரை பார்தான் என்றால் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். கடைசி வரிசை வாடியதற்குக் காரணம் இதுதான்.

டிஸ்க்குகளைப் பிரித்துத் தேய்த்துக் கழுவியதும் ஃபில்டருக்குப் பின்னால் 1 பார் வந்தது. அடுத்து லேட்டரல்களைக் கழுவினேன். இதிலும் ஒரு நாள் வீண்: லேட்டரல்களின் கடைசியில் உள்ள எல்லா மூடிகளையும் ஒரே சமயத்தில் திறந்ததில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழிந்ததே தவிர, கசடு நகரவில்லை. மூன்று நான்காகத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். வெள்ளை உப்பு படிந்திருந்தால் அமிலம் வேண்டியிருக்கும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. குளோரினோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், கிளம்பும் வாயு ஆளையே கொல்லும்.

8 லிட்டர் டிரிப்பரை மாற்றிவிட்டு மறுபடியும் 16 டம்ளர் வைத்தேன். 91 வந்தது. மேட்டுக் கடைசி டம்ளரில் 176 மில்லி. கூட ஓட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டேன்.