நிறம் கடந்த காதலும் அதைப் பார்த்தவர்களும்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 1

1967-இல் வந்த 'கெஸ் ஹூ'ஸ் கமிங் டு டின்னர்' படத்தை இன்று முழுதாகப் பார்த்தேன். இயக்கம் ஸ்டான்லி கிரேமர். ஒரு வெள்ளைக்காரப் பெண், தான் மணக்கப்போகும் கறுப்பின மருத்துவரை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். மருத்துவராக சிட்னி பாய்ட்டியே. பெண்ணின் பெற்றோராக ஸ்பென்சர் டிரேசியும் கேத்தரின் ஹெப்பர்னும். பெற்றோர் இருவரும் முற்போக்குப் பேசுகிறவர்கள். தங்கள் வீட்டு வாசலுக்கே அது வந்து நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை.

ஹெப்பர்னின் கண்களுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். ஆனால் என்னை உறுத்தியது வேறு. காதலர்கள் முத்தமிடுவதைக்கூட டாக்ஸி ஓட்டுநரின் கண்ணாடிக்குள் சின்னதாகத்தான் காட்டுகிறார்கள். அப்புறம் அந்த மருத்துவர்! உலக அளவில் பெயர் பெற்றவர், வெப்பமண்டல நோய்களுக்காக உழைப்பவர், மனைவியையும் மகனையும் விபத்தில் பறிகொடுத்தவர். பெண்ணின் பெற்றோர் மனதாரச் சம்மதிக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அவராகவே சொல்லிவிடுகிறார். அவரிடம் குறை சொல்ல நிறத்தைத் தவிர எதுவும் மிஞ்சக்கூடாது என்று கணக்குப்போட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது, ஆனால் பிடிக்கவில்லை. குறைகள் உள்ள சாதாரண மனிதன் என்றால் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்காதா?

ஜூன் 3

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஹேஸ் விதிமுறைகளில் போய் நிற்கிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 1930-இல் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட தணிக்கை விதிகள் அவை. 1934 முதல் கறாராக அமலானது. அதில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான உறவைக் காட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. நடைமுறையில் அந்தத் தடை ஆசிய முகங்கள் மீதும் பாய்ந்தது.

இதில் என்னால் ஆறவே முடியாதது அன்னா மே வாங்கின் கதை. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை. மௌனப் படக் காலத்திலேயே நட்சத்திரம். 1937-இல் வந்த 'தி குட் எர்த்' சீன விவசாயக் குடும்பத்தின் கதை. அதன் நாயகி வேடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் நாயகனாக பால் முனி என்ற வெள்ளைக்கார நடிகரை முதலிலேயே போட்டுவிட்டார்கள். வேடம் சீனக் கணவனாக இருந்தாலும் உள்ளே இருப்பது வெள்ளையர். அவருக்கு ஜோடியாக நிஜச் சீனப் பெண் வந்தால் சிக்கல். எனவே நாயகி வேடம் லூயிஸ் ரெய்னருக்குப் போனது, அதற்காக அவர் ஆஸ்கரும் வாங்கினார். வாங்குக்கு நீட்டப்பட்டது குடும்பத்தைக் கெடுக்கும் இன்னொரு பெண்ணின் வேடம். அவர் மறுத்துவிட்டார். மறுத்ததற்காகவே அவர் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

இத்தனைக்கும் எந்தப் பார்வையாளரும் அந்த ஜோடியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அவர்கள் பார்க்க வாய்ப்பே தரப்படவில்லை.

ஜூன் 4

இன்று 1949-இல் வந்த 'பிங்கி'. கறுப்பினத்தில் பிறந்து, தோல் வெளுப்பால் வெள்ளைக்காரி என்றே மற்றவர்கள் நம்பும்படி வாழ்ந்த பெண். வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் அவளைக் காதலிக்கிறார். நாயகியாக நடித்த ஜீன் கிரெய்ன் வெள்ளையர். அப்படியும் டெக்சாஸில் மார்ஷல் என்ற ஊரில் படத்துக்குத் தடை. மீறித் திரையிட்ட தியேட்டர்காரருக்குத் தண்டனை. 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. படமோ, வந்த ஆண்டில் ஸ்டுடியோவுக்குப் பெரிய வசூலைக் கொடுத்தது.

ஜூன் 8

1957-இல் வந்த 'ஐலண்ட் இன் த சன்'. ஒரு கரீபியன் தீவில் நடக்கும் கதை. ஹாரி பெலபோன்ட்டே தொழிற்சங்கத் தலைவர், ஜோன் ஃபான்டெய்ன் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பெண். இருவரும் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், கடற்கரையில் நடக்கிறார்கள். ஒரு முத்தம்கூடக் கிடையாது. கடைசியில் பிரிவதும் அவனுடைய முடிவாகவே வருகிறது. அவளைக் கூட்டிப்போனால் தன் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்கிறான். படம் எடுத்தவர்களின் தயக்கத்தை நாயகன் வாயில் போட்டிருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

இவ்வளவு பதுங்கியும் ஃபான்டெய்னுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. தெற்கு கரோலினா சட்டமன்றத்தில், இதைத் திரையிடும் தியேட்டருக்கு 5,000 டாலர் அபராதம் போட மசோதாவே வந்தது. ஆனால் அதே ஆண்டு அதிகம் ஓடிய படங்களில் இதுவும் ஒன்று. கடிதம் எழுதி மிரட்டியவரும் பார்வையாளர்தான், டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றவரும் பார்வையாளர்தான். ஸ்டுடியோக்களின் காதில் விழுந்தது முதலாமவர் குரல் மட்டும்.

'மக்கள் ஏற்கமாட்டார்கள்' என்று சொல்கிறவர்களிடம் எந்த மக்கள் என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூன் 9

'எ பேட்ச் ஆஃப் ப்ளூ', 1965. மறுபடி பாய்ட்டியே. இந்த முறை அவரை நேசிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கண் தெரியாது. எலிசபெத் ஹார்ட்மேன் அருமையாக நடித்திருக்கிறார், பூங்காவில் மணி கோக்கும் காட்சிகள் நெஞ்சைத் தொடுகின்றன. இருந்தாலும், அந்தக் காலத்தில் ஒரு கறுப்பரை ஒரு வெள்ளைப் பெண் திரையில் காதலிக்க வேண்டுமென்றால் அவளுக்குப் பார்வையே இருக்கக்கூடாதா? தென்மாநிலத் தியேட்டர்களுக்குப் போன பிரதிகளில் அவர்களின் முத்தம் வெட்டப்பட்டிருந்தது.

ஜூன் 12

1967-இல் இதே நாளில்தான் லவிங் வழக்கின் தீர்ப்பு வந்தது. அதற்காகவே 2016-இல் ஜெஃப் நிகோல்ஸ் எடுத்த 'லவிங்' படத்தை இன்றைக்கென்று வைத்திருந்தேன்.

ரிச்சர்ட் லவிங் கொத்தனார். வெள்ளையர். அவர் மனைவி மில்ட்ரெட் கறுப்பின, பூர்வகுடி வம்சாவளி. சொந்த மாநிலமான வர்ஜீனியாவில் அவர்கள் கல்யாணம் செல்லாது என்பதால் 1958 ஜூனில் வாஷிங்டன் போய்த் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த மாதம் ஒரு நள்ளிரவில் ஷெரீஃப் படுக்கையறைக்குள்ளேயே வந்து கைது செய்தார். ஓராண்டுச் சிறை, மாநிலத்தை விட்டு வெளியேறி 25 ஆண்டுகள் சேர்ந்து திரும்பாமல் இருந்தால் அந்தச் சிறை இல்லை. ஊரைப் பிரிந்து இருக்க முடியாமல் மில்ட்ரெட் அட்டார்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நிறம் கடந்த திருமணத்துக்கு அன்றுவரை 16 மாநிலங்களில் இருந்த தடைச் சட்டங்கள் அத்தோடு செல்லாதவை ஆயின.

படத்தில் ரூத் நெக்காவும் ஜோயல் எட்ஜர்டனும் அதிகம் பேசுவதில்லை. அவர் செங்கல் அடுக்குகிறார், அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், இரவில் அவள் மடியில் தலைவைத்து டிவி பார்த்துச் சிரிக்கிறார். நீதிமன்றத்தில் சொல்ல ஏதாவது உண்டா என்று வக்கீல் கேட்டதற்கு, என் மனைவியை நேசிக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றாராம் நிஜ ரிச்சர்ட். அவ்வளவுதான்.

டிரேசி நடித்த அந்தப் படம் தீர்ப்புக்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டிருந்தது. பதினாறு பதினேழு மாநிலங்களில் நீங்கள் சட்டத்தை மீறுகிறவர்கள் ஆவீர்கள் என்று பாய்ட்டியேயின் அப்பா சொல்லும் வசனம் அதில் அப்படியே இருக்கிறது. டிசம்பரில் படம் வெளிவந்தபோது அந்தச் சட்டங்கள் செல்லாதவை ஆகிவிட்டன. சட்டத்தைச் சாய்த்தது ஒரு கொத்தனார் வீட்டு வாழ்க்கை. திரைக்கோ அப்போதும் உலகப் புகழ் மருத்துவர் தேவைப்பட்டார். அந்த இடைவெளிதான் எனக்கு வலிக்கிறது.

ஜூன் 13

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம், இப்படிப்பட்ட திருமணத்தை ஆதரிக்கிறீர்களா என்று 1958 முதல் அமெரிக்கர்களிடம் கேட்டுவந்திருக்கிறது. கறுப்பர், வெள்ளையர் திருமணத்தை ஆதரித்த அமெரிக்கர்கள் அந்த ஆண்டில் 4 சதவீதம். 1968-இல், அந்தப் படமும் தீர்ப்பும் வந்த பிறகும், 20 சதவீதம். 2021-இல் 94. இருபது சதவீதம் பேர் மட்டுமே ஆதரித்த நாட்டில்தான் பாய்ட்டியே படம் ஓடோ ஓடு என்று ஓடியது. வாழ்க்கையில் சம்மதிக்காதவரும் இருட்டில் உட்கார்ந்து அந்த ஜோடி சேர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். சினிமாவால் அது முடியும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை இருக்கிறது.

ஜூன் 16

மீரா நாயரின் 'மிஸிஸிப்பி மசாலா', 1991. இது சுடும் படம், ஏனென்றால் இதில் கதவை அடைப்பவர்கள் நம் முகச்சாயல் கொண்டவர்கள். 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தினார். அப்படி வந்த ஓர் இந்தியக் குடும்பம் மிஸிஸிப்பியில் மோட்டலில் காலம் தள்ளுகிறது. மகள் மீனாவாக சரிதா சௌத்ரி. அவள் காதலிக்கும் டெமெட்ரியஸாக டென்சல் வாஷிங்டன். தொழில், கம்பளம் சுத்தம் செய்வது. வங்கிக் கடன் வாங்கி வேன் ஓட்டுகிறவன். அவனிடம் கோபம் இருக்கிறது, பெருமை இருக்கிறது. இந்த ஜோடி முத்தமிட எந்தக் கண்ணாடியும் தேவைப்படவில்லை.

மோட்டல் சொந்தக்காரர்கள் அவனிடம் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள், வெள்ளையரல்லாத நாமெல்லாம் ஒன்று என்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த ஒற்றுமை மாயமாகிறது. மீனாவின் அப்பாவிடம் டெமெட்ரியஸ் பேசும் காட்சியை நிறுத்தி மறுபடி பார்த்தேன். எங்களைப்போலவே கறுப்பாக வந்து இறங்குகிறீர்கள், வந்ததும் வெள்ளையரைப்போல எங்களை மிதிக்கிறீர்கள் என்கிறான். அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ஒரு வெள்ளைக்காரருக்கு முக்கிய வேடம் கொடுக்க முடியாதா என்று பணம் போடுகிறவர்கள் கேட்டார்களாம். படத்தில் வரும் பரிமாறுகிறவர்கள் எல்லாரும் வெள்ளையர்தான் என்று பதில் சொன்னதாக மீரா நாயர் சொல்லியிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு வணக்கம்.

ஜூன் 17

'ஹிட்ச்', 2005. வில் ஸ்மித்துக்கு ஜோடி, கியூபா வம்சாவளி நடிகை ஈவா மெண்டிஸ். வெள்ளைக்கார நாயகி என்றால் அமெரிக்காவில் எதிர்ப்பு வரும், கறுப்பின நாயகி என்றால் அது கறுப்பர் படம் என்று ஒதுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அந்தத் தேர்வு என்று ஸ்மித்தே அப்போது பேசியிருக்கிறார். ஹேஸ் விதிகளைக் கைவிட்டது 1968-இல்!

ஜூன் 22

இன்று திரை வழியாக ஜெர்மனிக்குப் போனேன். ஃபாஸ்பைண்டர் எடுத்த 'அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்', 1974. துப்புரவு வேலை செய்யும் அறுபது வயது எம்மி. அவளைவிட எவ்வளவோ இளையவனான மொராக்கோத் தொழிலாளி அலி. கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மகன் ஆத்திரத்தில் டிவியை உதைத்து உடைக்கிறான், கடைக்காரர் பொருள் தர மறுக்கிறார்.

கொஞ்ச நாள் கழித்து எல்லாரும் திரும்பி வருகிறார்கள். கடைக்காரருக்கு வியாபாரம் வேண்டும், மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மனம் மாறவில்லை, தேவை வந்திருக்கிறது. அதன் பிறகு எம்மி நடந்துகொள்வதுதான் உலுக்குகிறது. தோழிகளைக் கூப்பிட்டு அலியின் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். அவனுக்குப் பிடித்த குஸ்குஸ் சமைக்க மாட்டேன், ஜெர்மனியில் இருப்பதற்குப் பழகிக்கொள் என்கிறாள். அவனுக்காக ஊரையே எதிர்த்தவள் அவள்!

இதுவரை பார்த்தவை எல்லாம் வெளியே இருக்கும் எதிர்ப்போடு போராடின. இந்தப் படம் காதலிப்பவளுக்குள்ளேயே அது ஒளிந்திருப்பதைக் காட்டுகிறது. அவளை வெறுக்கவும் விடவில்லை. அலி வயிற்றுப் புண்ணால் சுருண்டு விழும்போது அவள் பதறிய பதற்றம் பொய்யில்லை.

அடுத்து 1964-இல் வந்த 'ஒன் பொட்டேட்டோ, டூ பொட்டேட்டோ' பார்க்க வேண்டும். வெள்ளைக்காரப் பெண், கறுப்பினக் கணவன், முதல் கணவன் போடும் குழந்தை வழக்கு. நாயகி பார்பரா பேரிக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. நீதிபதி குழந்தையை யாரிடம் கொடுக்கிறார் என்பது ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் பார்க்கப்போகிறேன்.