மிளகாய்க்குத் தண்ணி

யூலை 3
கிணத்தில் 8 அடி தண்ணி. சோளகக் காத்து பிடிச்சிட்டுது.

யூலை 6
15 அடி விட்டமுள்ள கிணத்தில் ஓரடி தண்ணி எண்டால் கிட்டத்தட்ட 5000 லீற்றர். இந்த வெக்கைக்குக் கால் ஏக்கர் மிளகாய் ஒரு நாளில் குடிக்கிறதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மண்வாய்க்கால் உறிஞ்சிறது வேற. ஆக, நாளுக்கு ஓரடிக்கு மேலே ஊறினால் கால் ஏக்கர். ரெண்டடிக்கு மேலே ஊறினால்தான் அரை ஏக்கரைப் பற்றிக் கதைக்கலாம்.

யூலை 7
பூ கொட்டுது.

யூலை 11
பூ கொட்டினால் உடனே மருந்துக்கடைக்கு ஓடுகினம். பகல் 35 பாகை, இரவும் ஆறாத நாளில் பிஞ்சு பிடிக்காது. அதுக்குப் போத்தலில் ஒண்டும் இல்லை. பின்னேரமோ விடியவோ இறைக்கலாம். வைக்கோல் இல்லாட்டிச் சீமைக்கிளுவைக் குழையை மூண்டு விரல் தடிப்பில் அடியில் பரப்பலாம், தண்டில் முட்டாமல், முட்டினால் அழுகும். காத்துக்குத் தென்மேற்கு வரம்பில் ரெண்டு வரிசை சோளம் நல்லதுதான், ஆனால் நாற்று நடமுதலே எழும்பியிருக்க வேணும்.

யூலை 15
குருமன், இலை சுருளுற நோய். இலை மேலே சுருண்டால் இலைப்பேன். கீழே மடங்கிக் காம்பு நீண்டால் சிற்றுண்ணி. ரெண்டுக்கும் ஒரே மருந்தை அடிச்சுப்போட்டு "மாறேல்லை" எண்டால் எப்பிடி மாறும்? சிற்றுண்ணிக்குத் தண்ணியில் கரைக்கிற கந்தகம், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. உச்சி வெயிலில் அடிச்சால் இலை கருகும்.

யூலை 16
மயில்.

யூலை 22
வாய்க்கால் பூட்டப்போறாங்களாம். இரணைமடுக் குளத்துத் தண்ணி வயலுக்கு ஓடினால்தான் இந்தப் பக்கத்துக் கிணறுகள் ஊறும். சிறுபோக (கோடை நெல்) ஏக்கரைக் குறைச்சால் நெல்லுக்கு மட்டுமில்லை, மேட்டுநில மிளகாய்க்கும் அடி. கூட்டத்தில் இதை ஆர் கணக்கெடுக்கினம்? 2018 மார்கழியில் வான்கதவு திறந்து ஊரையே வெள்ளத்தில் விட்டதும் இதே குளம்தான்.

யூலை 29
கிணத்தில் ஐந்தரை அடி.

ஓகஸ்ட் 2
காயின் நுனி கறுத்துத் தோல்போலக் காயுது. பார்வைக்கு அழுகல் நோய், ஆனால் பூஞ்சணம் இல்லை. மண் வெடிக்கக் காயவிட்டுப் பிறகு நிறையக் குடுத்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு ஏறாது. நாலு நாளைக்கொருக்கால் நிறைய விடுகிறதைவிட ரெண்டு நாளைக்கொருக்கால் பாதி. தண்ணிச் செலவு ஒண்டுதான், டீசல்தான் கூட.

ஓகஸ்ட் 9
முதல் பழம். ஆய்ஞ்சதை நிழலில் சாக்கில் ரெண்டு மூண்டு நாள் குவிச்சு வைச்சால் அரைப்பழமும் சிவக்கும், பிறகுதான் படங்கு விரிச்சு வெயிலில். நேரே வெயிலில் போட்டால் வெள்ளைச் செத்தல், விலை பாதி. உலுப்பினால் விதை கிலுங்க வேணும். அதுக்கு முதல் மூட்டை கட்டினால் பூஞ்சணம்.

ஓகஸ்ட் 10
கிழக்கே இருட்டுது. மழை வேணும். படங்கு விரிச்சுக்கிடக்கையில் வேண்டாம்.

ஓகஸ்ட் 11
பெய்யேல்லை.

ஓகஸ்ட் 14
கிணத்தில் மூண்டரை அடி. இறைக்கிற மிசின் காத்து இழுக்குது. தண்ணி மட்டத்துக்கும் மிசினுக்கும் 25 அடிக்கு மேலே போனால் மேலேயிருந்து உறிஞ்சிற மிசின் சரியாய் இழுக்காது, ஆகவே உள்ளே தட்டுக் கட்டி இறக்க வேணும். புகை கிணத்துக்குள்ளே அடையும். ஓடேக்க ஆரும் இறங்கக் கூடாது. கீழ்ப்பாத்திக்கு இனித் தண்ணி இல்லை.