ஒற்றை டிக்

மார்ச் 3, திங்கள்

இரவு பத்தரைக்கு அவளுக்கு ஒரு நீளமான மெசேஜ் போட்டேன். நான்கு பத்தி. நேற்று எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குரூப்பில் நான் செய்த காரியத்துக்கு விளக்கம். வேலையை விட்டுவிட்டதை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. நானோ ஏதோ கிண்டல் நடுவில், "நீதான் இப்போ ஃப்ரீ ஆச்சே" என்று எழுதித் தொலைத்தேன். அதே குரூப்பில் அவளுடைய சித்தி மகளும் இருக்கிறாள் என்பது மெசேஜ் போன பிறகுதான் உறைத்தது. உடனே அழித்தேன். அழித்த இடத்தில் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி நின்றது. சும்மா விட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது வரவில்லை. தூங்கியிருப்பாள்.

மார்ச் 4, செவ்வாய்

இன்னும் ஒன்றுதான். மதியம் "பார்த்தியா?" என்று ஒன்று போட்டேன். அதற்கும் ஒன்று.

மார்ச் 5, புதன்

அவள் டிபி போய்விட்டது. மலை உச்சியில் கையை விரித்து நிற்கும் அந்தப் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தலை ஒன்று. லாஸ்ட் சீனும் இல்லை. பிளாக்தான் என்று முடிவு கட்டி, ஒரு மணி நேரம் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என் லாஸ்ட் சீனையே நான் யாருக்கும் தெரியாதபடி மறைத்து வைத்திருக்கிறேன். நான் மறைத்தால் மற்றவர்களுடையதும் எனக்குத் தெரியாது என்பது அங்கே விதி. ஆக, அவளுடைய லாஸ்ட் சீனை நான் பார்த்தே பல மாதம் ஆகியிருக்கும். இல்லாததை இன்றைக்குத்தான் கவனித்திருக்கிறேன்.

செட்டிங்கைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி மாற்றினேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்கும் அர்த்தம் கிடையாது. 2022இலிருந்து ஆன்லைனில் இருப்பதையே மறைக்க முடிகிறது, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் லாஸ்ட் சீன் தெரியாமலும் செய்யலாம். ப்ளூ டிக்கை அவள் எப்போதோ அணைத்துவிட்டவள், அதனால் அந்தப் பக்கமும் தகவல் வராது.

மார்ச் 6, வியாழன்

தம்பியிடம் சொன்னேன். இந்த விஷயங்களில் அவன் கை தேர்ந்தவன், இரக்கம் மட்டும் கொஞ்சம் குறைச்சல்.

"அக்கா, ஒத்த டிக்னா என்ன அர்த்தம்னு முதல்ல தெரியுமா? உன் மெசேஜ் சர்வருக்குப் போயிருச்சு, அவங்க போனுக்குப் போகல. அவ்வளவுதான். போன் ஆஃப்ல இருக்கலாம், உடைஞ்சிருக்கலாம், ஆப்பையே எடுத்திருக்கலாம். போய்ச் சேராத மெசேஜை 30 நாள் வரைக்கும் சர்வர்ல வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள போன் வந்தா ரெண்டாவது டிக் விழும்."

முப்பது நாள்! அந்த எண்ணைக் கேட்டதும் மனசு லேசானது. அவள் போன் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தோழிக்காக இப்படியும் ஒரு வேண்டுதல்.

அவன் போனிலும் அவள் எண் இருக்கிறது. அதில் பார்த்தால் மலை உச்சிப் படம் அப்படியே இருந்தது.

"அப்போ படத்தை எடுக்கல. உனக்கு மட்டும்தான் தெரியல" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டிபி காண்டாக்ட்டில் இருக்கிறவங்களுக்கு மட்டும்னு வெச்சிருந்தா, உன் நம்பரை அவங்க அழிச்சிருந்தாலே இப்படித்தான் வரும்" என்று சேர்த்துக்கொண்டான். அதாவது பிளாக் செய்யவில்லை, நம்பரை மட்டும் அழித்திருக்கிறாள். இதை ஆறுதல் என்று சொன்னானாம்.

மார்ச் 7, வெள்ளி

வாட்ஸப்பில் கூப்பிட்டேன். என் காதில் மணி அடித்தது. திரையிலோ 'காலிங்' என்றே நின்றது, கடைசி வரை 'ரிங்கிங்' ஆகவில்லை. அவள் போனில் மணி அடித்திருந்தால் மாறியிருக்கும். பிளாக் செய்தாலும் இப்படித்தான் ஆகும், நெட் இல்லாவிட்டாலும் இப்படித்தான் ஆகும்.

இவ்வளவு அடையாளங்கள் கிடைத்தும் ஒன்றும் உறுதியாகவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு ஒரு காரணமும் சொல்ல முடிகிறது.

மார்ச் 8, சனி

காலை ஏழே காலுக்கு அவள் குரூப்பில் எழுதினாள். ஒருத்திக்குப் பிறந்தநாள். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்டி", கூடவே இரண்டு பூங்கொத்துப் படம்.

போன் உடையவில்லை. தண்ணீரில் விழவில்லை. ஆப்பும் இருக்கிறது, நெட்டும் இருக்கிறது. எங்கள் தனிச் சாட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு பத்தி, ஒரு டிக். "பார்த்தியா?", ஒரு டிக். மாலை வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், அசையவில்லை. நம்பரை அழித்தது மட்டும் என்றால் டிபி மறையலாம், ஆனால் மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்கும். இனி ஏமாற்றிக்கொள்ள எனக்கே காரணம் கிடைக்கவில்லை.

ஒருவரை பிளாக் செய்தாலும் இருவரும் இருக்கும் பொது குரூப்பில் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியும். இது எனக்குப் புதுச் செய்தி. அவள் வாழ்த்துக்குக் கீழேயே நானும் வாழ்த்து எழுதினேன். ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

தம்பிக்கு இன்னும் திருப்தி இல்லை. "புதுசா ஒரு குரூப் ஆரம்பிச்சு அவங்களைச் சேர்த்துப் பாரு. பிளாக் பண்ணியிருந்தா சேர்க்க முடியாது, கன்ஃபர்ம்."

அதுவும் முழு உறுதி இல்லையாம். யார் தன்னை குரூப்பில் சேர்க்கலாம் என்பதற்கே தனி செட்டிங் இருக்கிறது. அது போகட்டும், ஒருவேளை அவள் பிளாக் செய்யவே இல்லையென்றால்? திடீரென்று அவளும் நானும் மட்டும் இருக்கிற ஒரு குரூப் அவள் போனில் முளைக்கும். எதற்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வது? சோதனை என்றா? வேண்டாம் என்றேன்.

யார் யார் நம்மை பிளாக் செய்தார்கள் என்று காட்டுவதாகச் சொல்லும் ஆப்களையும் தேடிப் பார்த்தேன், ஒளிப்பானேன். அந்தப் பட்டியலை வாட்ஸப் வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை. அப்புறம் இவர்கள் எங்கிருந்து காட்டுவார்கள்? ஒன்று, திறந்ததுமே என் காண்டாக்ட் முழுவதையும் படிக்க அனுமதி கேட்டது. அழித்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

வாட்ஸப்பின் உதவிப் பக்கத்தைப் படித்தேன். நான் ஒரு வாரமாகக் கண்டுபிடித்த அதே அடையாளங்கள்: லாஸ்ட் சீன் இல்லை, டிபி மாறாது, ஒரே டிக், கால் போகாது. இவை எல்லாம் இருந்தால் பிளாக் செய்திருக்கலாம், ஆனால் வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்கிறார்கள். பிளாக் செய்தவரின் அந்தரங்கத்தைக் காக்க இதை வேண்டுமென்றே தெளிவில்லாமல் வைத்திருக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பேரைக் குழம்பவிட்டு அதை ஒரு வசதி என்கிறார்களே என்று. பிறகு பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ராத்திரி நேரத்தில் தொடர்ந்து மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்த ஒருவரை நான் பிளாக் செய்தேன். மறுநாள் வேலையிடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. 'உங்களை பிளாக் செய்துவிட்டார்' என்று அவருக்கு ஒரு அறிவிப்பு போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? அவரும் என்னைப் போல டிக்கை எண்ணிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்று அந்த மங்கலுக்குள்தான் நான் நிம்மதியாக ஒளிந்திருந்தேன்.

மார்ச் 12, புதன்

டெலிகிராமிலும் அவள் இருக்கிறாள். அங்கே அவள் பெயருக்குக் கீழே 'சமீபத்தில்' என்று வருகிறது. நேரத்தை மறைத்து வைத்திருப்பவர்களுக்கு அப்படிக் காட்டும், சில நாட்களுக்குள் வந்துபோயிருக்கிறார்கள் என்று பொருள். பிளாக் செய்திருந்தால் 'வெகு நாட்களுக்கு முன்' என்றுதான் வரும். அங்கே கதவு திறந்தே இருக்கிறது.

எழுத ஆரம்பித்து நிறுத்தினேன். வாசல் கதவைச் சாத்தியவளை ஜன்னல் வழியாகக் கூப்பிடுவதா? வாட்ஸப் பிளாக் சாதாரண போன் காலைத் தடுக்காது, அதுவும் எனக்குத் தெரியும். தம்பி முதல் நாளே சொன்னான். ஆனால் பேச வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள், சத்தமில்லாமல் சொன்னாள், அவ்வளவுதான். தனிச் சாட்டில் மட்டும் இன்றைக்கும் ஒரு "சாரிடி" போட்டேன். போகாது என்று தெரிந்தே.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று நாளாக எழுத ஒன்றுமில்லை. இன்று மாலை நாலு மணிக்கு போன் அதிர்ந்தது. அவள் பெயர், மலை உச்சிப் படம்.

"அன்பிளாக் பண்ணிட்டேன். ஒண்ணுமே வரல. ரெண்டு வாரத்துல ஒரு வார்த்தைகூட அனுப்பத் தோணல இல்ல உனக்கு?"

அந்த வரிக்கு நேர் மேலே என் மெசேஜ்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒற்றை டிக். பிளாக் செய்திருந்த நாட்களில் அனுப்பியவை, திறந்துவிட்ட பிறகும் போய்ச் சேராது. திறந்ததும் மொத்தமாகக் கொட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நம்பியிருந்தேன் போல.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புக்கா, தேதியோட இருக்குல்ல" என்றான் தம்பி. எடுத்தும்விட்டேன். அனுப்புவதற்கு முன் அந்த நான்கு பத்தியையும் ஒருமுறை படித்தேன். 'நான் வேணும்னு செய்யல', 'உன் சித்தி பொண்ணு அங்க இருக்கிறது மறந்துபோச்சு', 'நீயும் ஒருதடவை என் விஷயத்தை இப்படித்தான்...' என்று போகிறது. மன்னிப்பு மூன்றாவது பத்தியின் நடுவில் ஒரே ஒரு சொல்லாக இருந்தது. நல்லவேளை, போய்ச் சேரவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். "அனுப்பினேன்டி, பிளாக்ல இருந்ததால வரல. அதுல பாதி சாக்குதான். நீ நம்பிச் சொன்னதைப் பொதுவில் போட்டுட்டேன், தப்பு என்னுடையது. வீட்ல பிரச்சினை ஆச்சா?"

ஒரு டிக். அடுத்த நொடி இரண்டு.

இப்போது மணி ஆறே கால். இரண்டும் சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன. படித்தாளா என்று தெரிய வழியில்லை, அவள்தான் ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருக்கிறாளே.