மூன்று மேட்டில் ஒன்று

மலேசியாவில் கிள்ளானுக்குக் குடிவந்த புதிதில் யார் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்டார்கள். எங்கள் துறையூர்ப் பக்கம் "சாப்டாச்சா" என்போம்; பசியை யாரும் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. பழக ஆறு மாதம் ஆனது. அதற்குள் ஊரிலிருந்து அப்பா வாரம் தவறாமல் போனில் ஒரே கேள்வி: "பூட்டனைப் புதைச்ச இடம் கிடைச்சுதா?"

அப்பாவின் தாத்தா 1927-ல் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். மனைவியும் ஐந்து வயதுப் பையனும் ஊரிலேயே. மிஞ்சியது நான்கு கடிதங்கள். உறையில் போர்ட் சுவெட்டன்ஹாம் முத்திரை. அந்த ஊரை மேப்பில் தேடித் தேடி அப்பா அலுத்துவிட்டார். அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான், எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம். 1972-லேயே பெயர் மாறிவிட்டது.

கடைசிக் கடிதம் 1941 நடுவில் எழுதியது. "துரையைக் கண்டால் இனி சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்று சங்கத்தில் சொல்லியாச்சு" என்று ஒரு வரி. ஊரில் யாருக்கும் இது புரிந்ததில்லை. இங்கே வந்துதான் எனக்கே தெரிந்தது. அந்த வருஷம் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம். கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது என்ற கோரிக்கைகளோடு இந்தச் சைக்கிள் கோரிக்கையும் இருந்தது. முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். பூட்டனிடம் சைக்கிள் இருந்ததா என்பது வேறு கதை.

அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான், தபால் நின்றது. ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றே எங்கள் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல் வரிசை வரிசையாக இருக்கிறது. நம் ஆட்கள் போன குழிக்குப் பெயர் கிடையாது.

சரி, தோட்டத்திலிருந்தே ஆரம்பிப்போம் என்று கிளம்பினேன். தோட்டம் கை மாறிக் கை மாறி இப்போது பாதி தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பு, பாதி செம்பனை என்ற எண்ணெய்ப்பனை. ஆபீசில் பழைய செக்ரோல், அதாவது ஆட்களின் பெயர்ப் பதிவேடு, கேட்டதற்குக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். பதிவு அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் எண் வேண்டுமாம். அந்த எண் கையில் இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். நான் புரட்டிய காகிதங்களில் தோட்டச் சாவுகள் ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்காக மட்டும் இருந்தன. போதாததற்குப் பூட்டன் பெயரில் ஒரு ழகரம் வேறு. பெயர் எழுதிய கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, மலையாளியா யாழ்ப்பாணத்தாரா என்பதைப் பொறுத்து அது ஆங்கிலத்தில் என்னவாக வேண்டுமானாலும் விழுந்திருக்கும்.

கடைசியில் வழி திறந்தது ஜாலான் தெங்கு கிளானா என்ற தெருவில், நான் மல்லிகைப்பூ வாங்கும் கடையில். பூக்கட்டும் அக்காவின் மாமியார் அதே தோட்டத்தில் பிறந்தவர். வயது தொண்ணூறுக்கு மேல். அவருடைய அப்பாதான் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்.

நான் துறையூர் என்றதும் பாட்டி, "மலையாண்ட உள்ள ஊர்க்காரரா? நெத்தியில தழும்பு?" என்றார். தழும்பைப் பற்றி எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஊர்ப் பச்சைமலையைப் பற்றிப் பேசாமல் பூட்டன் ஒருநாளும் படுத்ததில்லையாம். "சயாமுக்கு ஆள் புடிக்க லோரி வந்தப்ப அவரு இல்லம்மா. முந்தியே குளிர்காய்ச்சல்ல போயிட்டாரு. கொயினா கெடைக்கல. எங்கப்பாதான் வெட்டினாரு. நான் தண்ணிக் கொடம் தூக்கிட்டுப் போனேன்."

அடுத்த ஞாயிறு பாட்டியைக் காரில் அழைத்துப்போனோம். செம்பனை நிரை நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ஓடைக்கரையில் ஓர் இடத்தில் மட்டும் அறுந்து நிற்கிறது. அரை ஏக்கர் இருக்கும். ஒரு மரம், அடியில் மஞ்சள் பூசிய முனியாண்டி கல், சுற்றிலும் இடுப்பளவு லாலான் புல். சிமெண்டுச் சமாதி ஒன்றே ஒன்று, பழைய கிராணியுடையது. மற்றவர்களுக்கெல்லாம் மரக்கட்டை நட்டார்களாம். மழையில் எத்தனை வருஷம் நிற்கும்?

பாட்டி முனியாண்டி கல்லிலிருந்து ஓடையைப் பார்த்து அடி வைத்து எண்ணினார். பதினொன்றில் நின்று செருப்பு நுனியால் புல்லை ஒதுக்கினார். உள்ளே வெள்ளையாக ஏதோ மின்னியது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கு. விளிம்பு உடைந்து, மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. உட்புறம் கறுத்திருந்தது. வெளக்கு அணையாம இருக்க மங்குக்குள்ளதான் வைப்போம் என்றார்.

அந்த மங்கைச் சுற்றி மூன்று மேடுகள். "இந்த மூணுல ஒண்ணு. எதுன்னு சத்தியமா சொல்லமாட்டேன்."

அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். "எதும்மா?" என்றார். போனை மூன்றின் மேலும் மெதுவாக நகர்த்திக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பூ எவ்வளவு கொண்டாந்திருக்க?" என்றார்.

நான்கு முழம் இருந்தது. பாட்டியே மூன்றாகக் கிள்ளினார். மீந்த துண்டு முனியாண்டிக்குப் போனது. சூடம் ஏற்றக் குனிந்தபோது பின்னால் குலை ஏற்ற வந்த டிராக்டர் வழி கேட்டு ஹாரன் அடித்தது. காரை நகர்த்த ஓடினேன்.